இடி மழைக்கு எத்தனை மூட்டை யூரியா?

"இடி இடிச்சுப் பெஞ்ச மழைக்கு ஒரு மூட்டை யூரியா சமம்டா" என்று பெரியப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐப்பசி மாதம். காரைக்குடிக்குக் கிழக்கே, கண்மாய்க்குக் கீழே இருக்கிற எங்கள் ஒன்றரை ஏக்கரின் வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். முந்தின ராத்திரி நல்ல இடி, நல்ல மழை. ஒரு வாரமாக மஞ்சளடித்துக் கிடந்த நாற்று அன்று காலை பச்சை பிடித்திருந்தது. "கெணத்துத் தண்ணிய எவ்வளவு வேணாலும் பாச்சு. இந்தப் பச்சை வருமா? வராது."

அவர் சொன்னதில் பச்சை உண்மை. மூட்டைதான் எனக்கு இடித்தது. மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரிக்கும், அது மழையோடு மண்ணில் இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு இறங்கும்? கிலோவா, மூட்டையா? இதைத் தேடப் போய்த்தான் இங்கிலாந்தின் ஒரு கோதுமை வயலுக்கும், அங்கிருந்து பர்மாவுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் போய்வர வேண்டியதாயிற்று. செட்டிநாட்டுக்காரனுக்கு எந்தக் கணக்கைத் தொட்டாலும் பர்மா வந்துவிடும். இதிலும் வந்தது.

*

முதலில் மூட்டையை எடுத்துக்கொள்வோம். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு மூட்டைக்குள் இருப்பது ஏறக்குறைய 20.7 கிலோ நைட்ரஜன், விவசாயி பாஷையில் தழைச்சத்து. இதை வானம் கொடுக்கிறதா என்று பார்க்க மழையை அளக்க வேண்டும். அளந்தார்கள். ஆனால் அளக்கவைத்தது ஒரு சண்டை.

1840-ல் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் விவசாய வேதியியல் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் ஒன்றை எழுதினார். பயிருக்கு மண்ணிலிருந்து வேண்டியது தாதுச் சத்துகள், நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றிலிருந்து வந்து சேர்ந்துவிடும் என்ற முடிவுக்கு அடுத்த சில வருடங்களில் அவர் வந்தார். இந்த நம்பிக்கையில் நைட்ரஜனைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு காப்புரிமை உரத்தையும் 1845-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது தோற்றது. எங்கள் பெரியப்பாவும் லீபிக்கும் ஒரே கட்சி என்று இதைப் படித்தபோது தோன்றியது.

எதிர்க்கட்சி லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தது. ஜான் பென்னட் லாஸ் அந்த ஊர் நிலக்கிழார், சூப்பர் பாஸ்பேட் உரம் விற்றுப் பணக்காரர் ஆனவர். ஜோசப் ஹென்றி கில்பர்ட் லீபிக்கிடமே படித்துவிட்டு வந்த வேதியியலாளர். இருவரும் 1843-ல் பிராட்பாக் என்ற வயலில் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார்கள். அதில் ஒரு துண்டுக்கு எந்த உரமும் கிடையாது. அந்தத் துண்டு இன்றைக்கும் இருக்கிறது, இன்றைக்கும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கோதுமை தருகிறது. 180 வருஷமாகப் பட்டினி போட்டும் சாகாத வயல்!

அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதுதான் கேள்வி. மழையா? சரி, மழையைப் பிடித்துப் பார்ப்போம் என்று 1853-ல் ஒரு பெரிய மழைமானி கட்டினார்கள். பரப்பு ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நான்கு சதுர மீட்டர். ஒரு சின்ன அறையின் தரை அளவு. அதில் விழுந்த தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று சோதித்தார்கள். 1855-ஐ ஒட்டிய கணக்கு: ஹெக்டேருக்கு வருடத்துக்கு அம்மோனியம் வழியாக 3 கிலோ, நைட்ரேட் வழியாக 1 கிலோ. மொத்தம் நான்கே கிலோ நைட்ரஜன். கோதுமை விளைச்சல் வயலிலிருந்து எடுத்துப்போவதில் இது ஒரு சிறு பங்கு. லீபிக் கட்சி தோற்றது.

ரோதம்ஸ்டெட்டில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் அளவில் மழை. 4 கிலோவை அந்தத் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். இந்த அரை மில்லிகிராமைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வயலுக்கு வருவோம். ஒரு ராத்திரியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் நைட்ரஜன் 100 கிராம். யூரியாவாக மாற்றினால் 220 கிராம். பெரிய டம்ளரில் ஒரு டம்ளர்.

சிவகங்கைச் சீமைக்கு வருடம் முழுக்கப் பெய்யும் மழை 900 மில்லிமீட்டர் அளவுதான். அத்தனையையும் சேர்த்தாலும் ஏக்கருக்கு 1.8 கிலோ நைட்ரஜன், நாலு கிலோ யூரியா. பெரியப்பாவின் ஒரு மூட்டை சேர 11 வருஷம் மழை பெய்ய வேண்டும்.

இது இங்கிலாந்துக் கணக்கு, நம்ம ஊர் இடி வேறு என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். வெப்பநாட்டில் மின்னல் அதிகம், ஆகவே மழையில் நைட்ரேட்டும் அதிகம் இருக்கும், இந்திய விவசாயி எருவைக் கொளுத்திவிட்டும் எப்படியோ விளைவிக்கிறான் என்றால் அதற்கு வானம்தான் காரணம் என்ற யூகம் அப்போது இருந்தது. இந்திய அரசின் வேளாண் வேதியியலாளராக 1892-ல் வந்த ஜே. வால்டர் லெதர் அதைச் சோதித்தார். டேராடூனிலும் கான்பூரிலும் மழைநீரையும் பனிநீரையும் பிடித்து ஆராய்ந்து, 1906-ல் வெளியிட்டார். ஏக்கருக்கு வருடத்துக்குச் சில ராத்தல்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் அளவைவிட அதிகமில்லை. உரமில்லாத வயலைப் பல வருடம் கவனிக்கும் ரோதம்ஸ்டெட் வழிமுறையும் சீக்கிரமே இங்கே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குள் நடந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? கென்யாவில் வேலை பார்த்த பிர்ச் என்ற மண்ணியலாளர் 1950-களின் இறுதியில் இதற்கு ஒரு பதில் சொன்னார். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் திடுதிப்பென்று விழித்துக்கொண்டு, மண்ணின் மக்கைச் சிதைத்து நைட்ரஜனை வெளியே விடுகின்றன. காய்ச்சல் எவ்வளவு கடுமையோ, வெளிவருவதும் அவ்வளவு அதிகம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பல இடங்களில் புழுதி விதைப்புதான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்க்கிற வெள்ளாமை. இந்த விளைவுக்கு இதைவிடத் தோதான மண் கிடைக்காது. வானத்திலிருந்து வந்ததாகப் பெரியப்பா நினைத்த சத்து காலுக்கடியில் இருந்திருக்கிறது. மழை அதைத் திறந்துவிட்டது.

கண்மாய் வண்டலும், கொழிஞ்சியும், ஆவாரந்தழையும், ஆட்டுக்கிடையும் பல தலைமுறையாகக் காலுக்கடியில் போட்டுவைத்த சத்து அது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் தரிசிலும் பொட்டலிலும் மேய்த்துவந்த ஆடுகளை ராத்திரியில் வயலில் அடைத்துப்போடுவார்கள். பகலில் தரிசில் தின்றது ராத்திரியில் வயலுக்கு வரும். கிடை எழும்பின மறுநாளே உழுதுவிட வேண்டும் என்பது விதி. ஆட்டு மூத்திரத்திலிருக்கும் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும், அதற்குத்தான் அந்த அவசரம். மூக்கில் ஏறும் அந்த நெடி, வயலை விட்டு ஓடுகிற உரத்தின் நெடி. பறந்தது எங்கே போகும்? வேறெங்காவது மழையோடு இறங்கும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இனி பர்மா.

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் வெட்டி வயலாக்கப் பர்மிய விவசாயிகள் இறங்கினார்கள். வெட்டுகிற வருடங்களில் சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் விதைக்கும் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அந்தச் சேற்றில் கால் வைக்கவில்லை. வைத்தது காரைக்குடியும் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் பள்ளத்தூரும். 1930-ஐ ஒட்டி பர்மாவில் ஏறக்குறைய 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், அவர்கள் போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்றும் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. கீழ் பர்மாவின் நெல் பரப்பு எண்பது வருடத்தில் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது. இரண்டாம் உலகப்போருக்கு முன் வருடத்துக்கு 30 லட்சம் டன் அளவில் கப்பலேறியது.

பர்மாவைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் தேக்கு, வட்டி, 1942-ல் நடந்துவந்த கதை. அந்த நெல் எதைத் தின்று வளர்ந்தது என்று நான் படித்த எந்தப் பெருமைக் கட்டுரையும் கேட்கவில்லை. அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு புரதம். அதை நைட்ரஜனாகக் கணக்கிட்டால் எடையில் 1.2 சதவீதம். 30 லட்சம் டன் அரிசியோடு வருடாவருடம் டெல்டாவை விட்டுப் போனது 36,000 டன் நைட்ரஜன். இன்றைய கணக்கில் 17 லட்சம் யூரியா மூட்டை. பதிலுக்கு வயலில் உரம் என்று யாரும் ஒரு பிடி போடவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் விளைந்தது.

மழைதான் கொடுத்ததா? ரங்கூன் பக்கம் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நம்மைப்போல் மூன்று மடங்கு. ரோதம்ஸ்டெட்டின் அரை மில்லிகிராமை இங்கேயும் பெருக்கினால் ஹெக்டேருக்கு 12 கிலோ என்று வரும். ஆனால் அந்தப் பெருக்கல் செல்லாது. காற்றைக் கழுவி எடுப்பது முதல் மழை. அடுத்தடுத்து நாள் கணக்கில் ஊற்றும் மழையில் கழுவ ஒன்றும் மிச்சமிருக்காது. அதுவும் நிலக்கரிப் புகை படியாத கடல்மேல் வந்த காற்று. ஆக அங்கேயும் சில கிலோதான். செட்டிநாட்டு ஹெக்டேருக்கும் டெல்டா ஹெக்டேருக்கும் வானம் நேரடியாகப் போட்ட பங்கில் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்க முடியாது.

பெரிய வித்தியாசம் தண்ணீர் நின்றதில் இருந்தது. வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி.கே. டே 1939-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார். தண்ணீர் தேங்கிய வயலின் மேல் படர்கிற நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து நேராக நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்க்கின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 30 கிலோ அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டன. வெள்ளம் கொண்டுவரும் வண்டல் தனி. டெல்டாவில் நாலைந்து மாதம் வயல் தண்ணீருக்குள் நிற்கும். நம் கண்மாய்ப் பாசன வயலில் நிறைய வருடங்களில் தை பிறக்கும் முன்பே தண்ணீர் வற்றிவிடும். ஒரே வானம், ஒரே நெல். பாசிக்கு வேலை செய்யக் கிடைத்த நாட்கள் வேறு. செட்டிநாட்டுப் பணம் செட்டிநாட்டு மண்ணில் முதலாகாமல் கடல் தாண்டிப் போனதற்கு வரலாற்றாசிரியர்கள் நிறையக் காரணம் சொல்வார்கள். நான் இந்தப் பாசியையும் பட்டியலில் சேர்ப்பேன். ஓசியில் உரம் கிடைக்கிற மண்ணுக்குக் கொடுக்கிற கடன் வட்டியோடு திரும்பி வரும்.

நகரத்தார் கணக்கு எழுதுவதில் எமகாதகர்கள். பேரேடு, குறிப்பேடு, வருட முடிவில் ஐந்தொகை. பெட்டியடிப் பையனாகச் சேர்கிற பன்னிரண்டு வயசுப் பிள்ளை காலணா பிசகினாலும் ராத்தூக்கம் இல்லை. அந்த ஏடுகளில் இந்த 36,000 டன்னுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிரிட்டிஷ் அரசின் வரிக்கணக்கிலும் கிடையாது. நிலத்தை உழுத பர்மியனுக்கும் அதில் பங்கு எழுதப்படவில்லை. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. பதிமூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம். 'நாங்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை, பணமாகத்தான் கேட்டோம்' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அது உண்மைதான். நிலத்தை இழந்தவனுக்கு அந்த உண்மையால் என்ன லாபம் என்பதை நாம் கேட்பதில்லை. அதே 1937, ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நாடானது. அதுவரை ஒரே அரசின் இரண்டு மாகாணமாக இருந்த வயல்கள் அன்று முதல் இரண்டு நாட்டு வயல்கள்.

*

1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. வருடத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம். அதற்கு அரிசி நின்றது மட்டும் காரணமில்லை. போர்க்கால அரசின் முடிவுகளும் பதுக்கலும் விலையேற்றமும் சேர்ந்து கொன்றன. ஆனால் பர்மாவின் பாசி செய்துகொண்டிருந்த வேலையை இனி வேறு யாராவது செய்ய வேண்டும் என்பது டெல்லிக்கு உறைத்தது. 1943-ன் உணவு தானியக் கொள்கைக் குழு உரத் தொழிற்சாலை கட்டச் சொன்னது. அந்த வழியில் வந்ததுதான் 1951-ல் உற்பத்தி தொடங்கிய சிந்திரி. அதற்கு முன்பே, 1947-ல், கேரளத்து ஆலுவாவுக்கு அருகில் சேஷசாயி சகோதரர்களின் ஃபேக்ட் ஆலை அம்மோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. முதலில் அதற்கு வேண்டிய வாயுவை விறகை எரித்து எடுத்தார்கள். காட்டு மரத்தை எரித்துக் காற்றை உரமாக்கிய காலம்.

காற்றை உரமாக்குவது 1913-ல் ஜெர்மனியில் ஆலை அளவுக்கு வந்துவிட்டது. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை ஹைட்ரஜனோடு சேர்த்து, பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் அம்மோனியா ஆக்குவது ஹேபர்-பாஷ் முறை. மின்னலும் பாசியும் அவரைச்செடி வேர்முடிச்சும் செய்வதை இரும்புக் கொப்பரை செய்கிறது.

இந்த இடத்தில் செட்டிநாடு மறுபடி வருகிறது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரம் 1969-ல் ஸ்பிக் நிறுவனத்தைத் தொடங்கினார். 1975-ல் தூத்துக்குடியில் யூரியா வரத் தொடங்கியது. 1900-ல் பர்மாவின் மௌல்மேனில் வட்டிக்கடை திறந்த பள்ளத்தூர் ஏ.எம். முருகப்பச் செட்டியாரின் வாரிசுகள் 1981-ல் ஈ.ஐ.டி. பாரியை வாங்கினார்கள். ராணிப்பேட்டையில் 1906-லேயே பாஸ்பேட் உரம் செய்த கம்பெனி அது. அதோடு கோரமண்டல் உரமும் அவர்கள் குடைக்குள் வந்தது. ஐராவதியின் பாசி சேர்த்த நைட்ரஜன் ஏறி வளர்ந்த ஊர்கள், இரண்டு தலைமுறை கழித்து நைட்ரஜனையே விற்கும் ஊர்கள் ஆயின. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. உரம் அந்தக் காலத்தில் லாபமுள்ள, லைசென்ஸ் கிடைக்கிற தொழில், அவ்வளவே. ஆனாலும் இந்த வளையம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

ரோதம்ஸ்டெட் மழைமானிக்குத் திரும்ப வேண்டும். அது நிற்கவில்லை. 1855-ல் 4 கிலோ காட்டிய மழை 1980-ல் 18 கிலோ காட்டியது. அம்மோனியம் 10, நைட்ரேட் 8. கார், மின்நிலையம், மாட்டுப்பண்ணை, உரம். பிறகு குறைந்து, 1990-களின் நடுவில் 9 கிலோ. இது மழை மட்டும். மழை இல்லாத நாளிலும் வாயுவாகவும் தூசாகவும் இலைமேல் படிவதையும் சேர்த்தால், 1996-ல் அங்கே கோதுமை வயலுக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 43 கிலோ வந்திருந்தது. இரண்டு யூரியா மூட்டை! லீபிக் தப்பாகச் சொன்னதை 150 வருடம் கழித்து வானம் பாதி உண்மையாக்கிவிட்டது. பட்டினி போட்ட அந்தத் துண்டு வயலுக்கும் இது விழுந்தது. 'உரமில்லாத வயல்' என்ற பெயர் மட்டும் பலகையில் அப்படியே இருந்தது.

வயலுக்கு இலவசமாக வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். விவசாயி தேவையான நாளில், தேவையான வயலில் போடுகிறார். வானம் நாள் பார்த்துப் போடுவதில்லை. அறுவடை முடிந்த தரிசிலும், மலைக்காட்டிலும், கடலிலும் போடும். சத்துக் குறைந்த மண்ணில் பழகின செடிகள் அங்கே தோற்றுப் புல் ஜெயிக்கும், மண் புளிக்கும், மிச்சம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்கும்.

சீனாவில் 1980-களில் ஹெக்டேருக்கு 13 கிலோ என்றிருந்த மழைவழிப் படிவு 2000-களில் 21 கிலோ ஆனதாக 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. அதற்குப் பின் அவர்கள் புகையையும் உரத்தையும் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். இந்தியா இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டன் நைட்ரஜனை உரமாகப் போடுகிறது. செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் உலகத்திலேயே காற்றில் அம்மோனியா மிக அடர்த்தியாகத் தெரியும் இடங்களில் முதலில் நிற்பது கங்கைச் சமவெளி. கிடை எழும்பின காலையில் மூக்கில் ஏறுகிற நெடி, பல மாநிலங்கள் அகலத்துக்கு. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவது நைட்ரஜன் இழப்பைக் குறைக்கத்தான். மானிய யூரியா வேறு தொழிலுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவும்தான். எதற்கு அதிகம் என்று உரக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

மியான்மரில் நம் அளவுக்கு உரம் விழுவதில்லை. ஆக அன்றைக்குச் சமமாக இருந்த வானத்தின் பங்கு இன்று இரண்டு நாட்டிலும் ஒன்றில்லை. ஆனால் ஒப்பிடுவதில் ஒரு சங்கடம். மியான்மர், சீனாவும் ஜப்பானும் இருக்கிற கிழக்காசிய அமிலப் படிவுக் கண்காணிப்பு வலையத்தில் இருக்கிறது, யாங்கோனில் மழையை அளக்கிறார்கள். இந்தியா 1998-ல் கையெழுத்தான மாலே பிரகடனத்தில் தெற்காசிய நாடுகளோடு இருக்கிறது. வானிலைத் துறை தனியாகக் கொடைக்கானல், போர்ட் பிளேர் போன்ற இடங்களில் மழையைச் சோதிக்கிறது. ஒரே வங்கக் கடலின் இரண்டு கரையிலும் இரண்டு பேரேடு. பாக்கி ஒத்துப்பார்க்க ஐந்தொகை கிடையாது.

காற்றுக்கு இந்தப் பேரேடு தெரியாது. ஜூன் முதல் தென்மேற்குக் காற்று இந்தியாவைத் தாண்டி வங்கக் கடலில் ஏறி ஐராவதி டெல்டாவில் போய் ஊற்றுகிறது. ஐப்பசியில் காற்று திரும்புகிறது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து கடல் தாண்டி நம் பக்கம் வருகிறது. பனிக்காலத்தில் கங்கைச் சமவெளியின் புகைமூட்டம் இதே கடலின் மேல் இறங்கிவருவதை 1999-ல் இந்தியப் பெருங்கடலில் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. நீராவிக் கப்பலுக்கு முன்னால், பாய்மரத் தோணியில் பர்மா போய்வந்தவர்களும் இந்தக் காற்றைப் பார்த்துத்தான் பாய் விரித்தார்கள், ஒரு காற்றில் போய் மறு காற்றில் திரும்பினார்கள். இன்று அந்தத் தடத்தில் சரக்கு போகிறது. பில் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பாதி வயல் இப்போது சீமைக்கருவேலம். அதுவும் வேர்முடிச்சுள்ள மரம், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் போடும். தழைச்சத்துக்கு ஏங்கின செம்மண்ணில் கடைசியில் இலவசமாகத் தழைச்சத்து சேர்கிறது, விதைக்கத்தான் ஆளில்லை. மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தப் புகையில் கொஞ்சம் மறுபடி மேலே போகிறது.

கார்த்திகையில் மறுபடி வரப்பில் நின்றோம். டம்ளர் கணக்கைப் பெரியப்பாவிடம் சொன்னேன். 220 கிராம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. பச்சைக்குக் காரணம் புழுதி மண்தான் என்றதும் கொஞ்சம் சமாதானம் ஆனார். பிறகு வடக்கேயிருந்து வரும் அம்மோனியாவைப் பற்றிச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடகிழக்கே பார்த்தார்.

"அப்ப தஞ்சாவூர்க்காரன், அதுக்கு அங்கிட்டு உள்ளவன்லாம் போடுற யூரியால எனக்கும் வருது?"

"கொஞ்சம் வருது. நீங்க போடுறதும் போகுது."

"நான் போடுறது எங்க போகுது?"

"ஆடியில காத்து திரும்பும்போது பர்மாவுக்குக்கூட."

ரொம்ப நேரம் பேசவில்லை. மடை வாய்க்கு மண்ணை வெட்டிப் போட்டார். "உங்க ஐயா அங்க எட்டு வருஷம் அடுத்தாளா இருந்தாரு. திரும்பி வரும்போது கையில ஒரு தகரப்பெட்டி" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சொசைட்டில யூரியா வந்திருக்கான்னு போயிப் பாத்துட்டு வா. ரெண்டு மூட்டை கேளு, ஒண்ணுதான் குடுப்பான்" என்றார்.